இத்தாலியின் தனியார் டிவி கேம் ஷோக்கள்: அந்த ரகளைக் காலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

தோராயமாக 1976 முதல் 1990 வரை. 1976 ஜூலை 28 அன்று இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 202ஆம் எண் தீர்ப்பை வழங்கியது. உள்ளூர் அளவில் யார் வேண்டுமானாலும் டிவி ஒளிபரப்பலாம் என்பதுதான் அதன் சாரம். அந்த ஒளிபரப்பை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று நாடாளுமன்றம் முழுமையான சட்டம் கொண்டுவந்தது 1990 ஆகஸ்டில். இடையில் 14 வருடம். கதவைத் திறந்துவிட்ட வீட்டுக்காரர் 14 வருடம் கழித்து வந்து விதிகளை வாசித்தால் அதற்குள் வீடு எப்படி இருக்கும்? இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான். இத்தாலியர்களே அந்த நாட்களை வானலையின் 'ஃபார் வெஸ்ட்' என்று சொல்வார்கள். துப்பாக்கி தூக்கியவன் சட்டம் என்ற அர்த்தத்தில்.

அதற்கு முன் தனியார் டிவியே கிடையாதா?

சட்டப்படி கிடையாது. 1954 ஜனவரி 3 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய அரசு நிறுவனமான ராய் மட்டும்தான். ஆனால் பியெல்லா என்ற வடக்கத்திய ஜவுளி நகரத்தில் ஜூசெப்பே சாக்கி என்பவர் (எல்லோருக்கும் அவர் பெப்போ சாக்கி) 1971இல் கேபிள் வழியாக ஒரு குட்டி நிலையம் நடத்தினார். பெயர் டெலிபியெல்லா. பத்திரிகையைப் பதிவு செய்வதுபோல நீதிமன்றத்தில் போய்ப் பதிவு செய்துவிட்டார்: 'இது செய்தித்தாள்தான், அச்சடிக்காமல் காட்டுகிறேன், அவ்வளவுதான்' என்ற தோரணை. 1973இல் அமைச்சகத்தின் உத்தரவில் ஆட்கள் வந்து கேபிளை வெட்டினார்கள். அந்த வெட்டுதான் வழக்காகி, 1974இல் உள்ளூர் கேபிளுக்கு அனுமதி வாங்கித் தந்தது. இரண்டே வருடத்தில் வானலைக்கும் அனுமதி கிடைத்தது. கேபிளை வெட்டாமல் விட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

ராய் காலத்தில் வினாடி வினா இல்லையா?

பிரமாதமாக இருந்தது. 1955இல் தொடங்கிய 'லாஷா ஓ ராடோப்பியா?' நாட்டையே கட்டிப் போட்டது. 'விட்டுவிடுகிறாயா, இரட்டிப்பாக்குகிறாயா?' என்று பெயர். ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் தொகை இரட்டிக்கும். உச்சம் 51 லட்சத்து 20 ஆயிரம் லிரா. உயரப் போய்த் தவறியவருக்கு ஆறுதலாக ஒரு ஃபியட் 600 கார். வீட்டில் டிவி வைத்திருந்தவர்கள் அப்போது சொற்பம் என்பதால் மக்கள் காபிக் கடைகளில் கூடிப் பார்த்தார்கள். சனிக்கிழமை வசூல் போகிறதே என்று தியேட்டர்காரர்கள் கூச்சல் போட, நிகழ்ச்சியை வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். அப்போதும் கூட்டம் வரவில்லை. கடைசியில் தியேட்டர்களே வியாழக்கிழமை படத்தை நிறுத்திவிட்டு, அரங்கத்தில் டிவியை வைத்துக் காட்டின.

அந்தக் காலத்துப் பெரிய சர்ச்சை எது தெரியுமா? இசையமைப்பாளர் வெர்டியின் ஓபெராக்களில் (இசை நாடகங்களில்) ஒரு குறிப்பிட்ட ஊதுகருவி எங்கே வருகிறது என்ற கேள்விக்கு ஒரு கணித ஆசிரியர் தவறாகப் பதில் சொன்னார் என்று நிகழ்ச்சி தீர்ப்பளித்தது. கேள்வியே தவறு என்று அவர் சொன்னார். நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. ஊதுகுழலைப் பற்றிச் சண்டை போட்ட நாடு, இருபது வருடத்தில் எங்கே போய் நின்றது என்று அடுத்த சில பதில்களில் பார்க்கலாம்.

மைக் போன்ஜோர்னோ என்ற பெயர் எங்கும் வருகிறதே, யார் அவர்?

இத்தாலிய வினாடி வினாவின் முகம். 1924இல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியில் எதிர்ப்புப் போராளிகளுக்கு உதவியதால் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டு, மிலானின் சான் வித்தோரே சிறையில் இருந்தார். அமெரிக்கக் குடிமகன் என்பதால் கைதிகள் பரிமாற்றத்தில் உயிர் தப்பினார். 'அல்லெக்ரியா!' என்று இரண்டு கையையும் விரித்துச் சொல்வது அவர் முத்திரை. மகிழ்ச்சி, உற்சாகம் என்று பொருள்.

அறிவுஜீவிகளுக்கு அவரைக் கண்டால் ஆகாது. எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ 1961இல் அவரைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்: இந்த ஆள் யாரையும் தாழ்வாக உணரவைக்க மாட்டார், ஏனென்றால் எல்லோரையும்விடத் தாழ்ந்த அறிவுடையவராகத் தன்னைக் காட்டிக்கொள்கிறார் என்ற தொனியில். கட்டுரை கூர்மையானதுதான். ஆனால் பெரிய மனிதர்களின் முன்னால் கூனிக் குறுகிப் பழகிய ஒரு நாட்டில், டிவியில் ஒருவர் 'எனக்கும் தெரியாதுங்க' என்ற முகத்தோடு நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தக் கட்டுரை கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டதாகவே எனக்குப் படுகிறது.

சரி, ரகளை எங்கே ஆரம்பித்தது?

மிலானைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டை ஊர்களில். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1977இல் லென்யானோ என்ற ஊரில் அந்தென்னா 3 லொம்பார்தியா என்ற நிலையம் தொடங்கியது. தொடங்கியவர்கள் ரென்ஸோ வில்லா, என்ஸோ டொர்தோரா. டொர்தோரா ராயின் பழைய நட்சத்திரம். 1969இல் ஒரு பேட்டியில், ராய் என்பது சிறுவர் சாரணர்கள் ஓட்டும் சூப்பர்சோனிக் விமானம் என்று சொல்லி வேலையை இழந்தவர். மற்ற தனியார் நிலையங்கள் மாடி அறையிலும் கார் ஷெட்டிலும் ஒரு கேமராவை வைத்துக்கொண்டு தள்ளாடியபோது, இவர்கள் கூட்டத்தை உட்கார வைக்கும் அளவுக்குப் பெரிய ஸ்டுடியோ கட்டினார்கள். அந்த இருக்கைகள்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஏனென்றால் அங்கே 'லா புஸ்தரெல்லா' என்ற போட்டி நடந்தது. எத்தோரே அந்தென்னா தொகுத்தார். (நிலையத்தின் பெயரும் அவர் பெயரும் ஒரேபோல ஒலிப்பது தற்செயல்.) டெலி ஆல்தோ மிலனேஸே என்ற இன்னொரு உள்ளூர் நிலையத்தில் தொடங்கி, அந்தென்னா 3க்கு இடம் மாறிய நிகழ்ச்சி அது. ராய் வினாடி வினாவில் போட்டியாளர் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக நின்று வேர்த்துக்கொண்டிருப்பார். இங்கே அணிகள். அணிகளுக்குப் பின்னால் அவர்கள் ஊர்க் கூட்டம். விசில், கத்தல், பாட்டு. கேட்கிற கேள்வியைவிடச் செய்யச் சொல்கிற கோமாளித்தனம்தான் முக்கியம்: வழுக்குவது, நனைவது, மாவில் புரள்வது. நடுவில் அந்தென்னா நின்றுகொண்டு எல்லோரையும் கிண்டலடிப்பார். போட்டியாளர் கோபப்பட்டால் அதுவும் நிகழ்ச்சிதான். ஏதாவது உடைந்தால் அதுவும் நிகழ்ச்சிதான்.

கிராமத்துத் திருவிழாவில் வழுக்குமரம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே போய்ப் பரிசைத் தொட்டவனை யாருக்கும் நினைவிருக்காது. பாதியில் சறுக்கி எண்ணெயோடு விழுந்தவனைப் பத்து வருடம் சொல்லிச் சிரிப்பார்கள். லா புஸ்தரெல்லா அந்த ரகம். ராய் கேமராவின் முன்னால் மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டு நின்றார்கள். இங்கே சட்டை கசங்கி, தங்கள் வட்டார மொழியில் சத்தம் போட்டார்கள். தொழிற்சாலையில் உங்கள் பக்கத்து மெஷினில் நிற்பவன் டிவியில் விழுந்து எழுவதைப் பார்ப்பதில் இருந்த சுகம், ராயிடம் இல்லாத ஒன்று.

'புஸ்தரெல்லா' என்றால்?

சின்ன உறை. பேச்சு வழக்கில் லஞ்சம். இரண்டும் தெரிந்தே வைத்த பெயர்.

ஏன் எல்லா நிலையங்களும் கேம் ஷோவையே பிடித்துக்கொண்டன?

மலிவு என்பது முதல் காரணம். நாடகத்துக்கு நடிகர் வேண்டும், எழுத்தாளர் வேண்டும். பழைய படத்துக்கு உரிமைக் கட்டணம் கொடுக்க வேண்டும். கேம் ஷோவுக்கு ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, வாய் ஓயாத ஒரு மனிதர் போதும். மக்கள் தாங்களாகவே வந்து இலவசமாக நடித்துவிட்டுப் போகிறார்கள். பரிசை உள்ளூர்க் கடை கொடுக்கிறது. கேமரா ஆடினாலும் பரவாயில்லை, ரகளைதானே.

ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இரண்டாவது காரணம். ராயில் விளம்பரம் செய்வது குதிரைக் கொம்பு. 1957 முதல் 1977 வரை ராயின் பிரபல விளம்பர நேரம் 'கரோஸெல்லோ'. அதில் நிறுவனங்கள் முதலில் ஒரு குட்டிக் கதையைக் காட்ட வேண்டும். பொருளின் பெயரைக் கடைசிச் சில நொடிகளில்தான் சொல்லலாம். இடமும் குறைவு, வரிசையும் நீளம். பெரிய கம்பெனிகளுக்கே அந்த நிலை என்றால், சோபா செய்கிறவர், பன்றித்தொடை இறைச்சி பதப்படுத்துகிறவர், ஊர் நகைக்கடைக்காரர் எல்லாம் டிவியை நினைத்தே பார்க்க முடியாது. வடக்கு இத்தாலி அப்போது இப்படிப்பட்ட சிறு முதலாளிகளால் நிரம்பிய பூமி. கையில் காசு, கொட்ட இடமில்லை.

தனியார் நிலையம் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. கேம் ஷோ அதில் இன்னும் வசதி. நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு விளம்பரம் போட வேண்டியதில்லை. நிகழ்ச்சிக்குள்ளேயே விளம்பரம் உட்கார்ந்துகொள்ளும். தொகுப்பாளர் கேள்வியைக் கேட்ட கையோடு மேஜையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, 'இதன் மணத்தைப் பாருங்கள்' என்பார். போன்ஜோர்னோ இதில் வித்தகர். மளிகைக் கடைக்காரர் தன் சரக்கைத் தானே நம்புவதுபோல அவர் இறைச்சியைப் புகழ்வார். பரிசு, விளம்பரம், நிகழ்ச்சி மூன்றும் ஒரே பொருளாகிவிட்டன. மாவில் புரள்வதையும் துணி களைவதையும் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் புதிதாக நடந்தது இதுதான்.

துணி களையும் போட்டிகள் நிஜமாகவே நடந்தனவா, கட்டுக்கதையா?

நடந்தன. 1970களின் பிற்பகுதியில் டெலிடொரினோ இன்டர்நேஷனல் என்ற டூரின் நிலையம் 'ஸ்போலியாமோச்சி இன்ஸியெமே' என்று ஒன்றை நள்ளிரவு வாக்கில் காட்டியது. 'சேர்ந்தே உடை களைவோம்' என்று அர்த்தம். பார்வையாளர்கள் தொலைபேசியில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சரியாக இருந்தால் ஸ்டுடியோவில் இருக்கும் பெண் ஒரு துணியைக் கழற்றுவார். தொழில்முறை நடனக்காரிகள் அல்ல, சாதாரண இல்லத்தரசிகள் என்பதுதான் கவர்ச்சி என்று நிலையம் விளம்பரப்படுத்தியது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டன. 'இத்தாலியில் டிவியில் குடும்பப் பெண்கள்...' என்று ஐரோப்பா முழுக்கப் பரவிய கதை இங்கிருந்து கிளம்பியதுதான்.

அப்புறம் 1987இல் வந்தது 'கோல்போ க்ரோஸ்ஸோ'. இத்தாலியா 7 என்ற பெயரில் இணைந்த உள்ளூர் நிலையங்களில் இரவு ஓடியது. தொகுத்தவர் உம்பெர்த்தோ ஸ்மைலா. ஒரு நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்த இசைக்காரர். மேடை ஒரு சூதாட்ட விடுதிபோல இருக்கும். 'சின் சின்' பெண்கள் என்று ஒரு குழு, ஒவ்வொருவருக்கும் ஒரு பழத்தின் அடையாளம். பணம் கரைந்துபோன போட்டியாளர், ஆணானாலும் பெண்ணானாலும், உடை களைந்து மறுபடியும் பந்தயப் பணம் சம்பாதிக்கலாம். 1992 வரை ஓடியது.

இரண்டுக்கும் நடுவே பத்து வருடம். ஆனால் அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. டூரின் நிகழ்ச்சி, அடுத்து என்ன நடக்கும் என்று நடத்துகிறவர்களுக்கே தெரியாத ரகம். கோல்போ க்ரோஸ்ஸோ, விளக்கும் இசையும் பளபளக்கிற, வெளிநாட்டுக்கு விற்கத் தயாரான சரக்கு. விற்கவும் செய்தார்கள். 1990 ஜனவரியில் ஜெர்மனியின் ஆர்டிஎல் ப்ளுஸ் சேனலில் ஹுகோ எகோன் பால்டர் தொகுக்க 'டுட்டி ஃப்ருட்டி' என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. ஜெர்மன்காரர்கள் இத்தாலிக்கே வந்து அதே செட்டில் படம்பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதன் விதிகள் என்ன?

ஜெர்மனியில் அது ஒரு நிரந்தர ஜோக். யார் ஏன் ஜெயித்தார் என்று பார்த்தவர் யாருக்கும் புரியாது, விளக்கவும் யாரும் முயலவில்லை. புரிய வேண்டும் என்று யாரும் பார்க்கவும் இல்லை.

பெண்களை இப்படிக் காட்டியதற்கு எதிர்ப்பு இல்லையா?

இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் எல்லாப் பழியையும் தனியார் டிவி தலையில் போடுவது நியாயமில்லை. 'வல்லெத்தா' என்று ஒரு வேலையைக் கண்டுபிடித்ததே ராய்தான். தொகுப்பாளர் பக்கத்தில் அழகாக நின்று, உறையை நீட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் போகிற பெண். லாஷா ஓ ராடோப்பியாவில் எதி கம்பன்யோலி அப்படித்தான் நின்றார். 1970இல் தொடங்கிய ராயின் 'ரிஸ்கியாத்துத்தோ' வினாடி வினாவில் சபீனா சுஃபீனி பேசத் தொடங்கியது, அதுவும் மினி ஸ்கர்ட்டில் வந்து பேசியது, அந்த நாளில் பெரிய செய்தி. ஆக, நிற்க வைக்கும் வழக்கம் பழையது. ஆடையைக் குறைத்ததும் எண்ணிக்கையைக் கூட்டியதும்தான் புதியவர்களின் வேலை. துணிச்சல், விடுதலை என்றெல்லாம் இதை அழைத்தவர்கள் உண்டு. கேமராவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள், கல்லாவில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தால் அந்த வாதம் நிற்காது.

ஜெயித்தவர்களுக்கு நிஜமாகவே பணம் கொடுத்தார்களா?

பணமாக இல்லை. இத்தாலியில் பரிசுப் போட்டிகளில் ரொக்கம் தரச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. லாட்டரி அரசின் சொத்து. அதனால் 'தங்க டோக்கன்' என்ற வழக்கம் வந்தது. திரையில் இத்தனை லட்சம் லிரா என்று மின்னும். வீட்டுக்கு வருவது அந்த மதிப்புக்குத் தங்க வில்லைகள். அதைக் கொண்டுபோய் விற்கும்போது வரி, செய்கூலி, சேதாரம் என்று கழிந்து கையில் குறைவாகத்தான் நிற்கும். நகைக்கடையில் பழைய வளையலை விற்றுப் பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சின்ன நிலையங்களில் அதுவும் இல்லை. விளம்பரம் கொடுத்த கடையின் சரக்கே பரிசு.

எல்லாம் நேரலையா?

உள்ளூர் நிலையம் தன் ஊருக்குள் நேரலை செய்யலாம். நாடு முழுக்க ஒரே நேரத்தில் இணைத்து ஒளிபரப்புவது ராயின் தனியுரிமை. தீர்ப்பு 'உள்ளூர்' என்ற ஒரே வார்த்தையைத்தான் திறந்துவிட்டது.

இந்த வார்த்தையைச் சுற்றித்தான் சில்வியோ பெர்லுஸ்கோனி (கட்டுமான முதலாளி, பின்னாளில் பிரதமர்) தன் சாம்ராஜ்யத்தைக் கட்டினார். மிலான் ஓரத்தில் அவர் கட்டிய மிலானோ 2 குடியிருப்பில் டெலிமிலானோ என்ற கேபிள் நிலையம் இருந்தது. அதை வாங்கி, 1978இல் வானலைக்குக் கொண்டுவந்து, 1980இல் கனாலே 5 ஆக்கினார். நாடு முழுக்க எப்படிப் போனது? வீடியோ கேசட்டில். நிகழ்ச்சியைப் பதிவு செய்து, விளம்பரங்களை இடையில் ஒட்டி, அதே கேசட்டின் பிரதிகளை ஊர் ஊராக உள்ள கூட்டாளி நிலையங்களுக்கு அனுப்புவார்கள். எல்லோரும் ஒரே நாள், ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும். சட்டத்தின் கண்ணுக்கு இது தனித்தனி உள்ளூர் நிலையங்கள். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒரே தேசிய சேனல்.

இதன் விளைவு ரகளையில் தெரிந்தது. கேசட்டில் போகிற நிகழ்ச்சியில் எதிர்பாராதது நடக்காது, நடந்தாலும் வெட்டிவிடலாம். கேமரா முன்னால் கண்டபடி கத்தும் ஊர்க் கூட்டத்தின் இடத்தில், சைகை காட்டினால் கைதட்டும் கூட்டம் வந்தது. தனியார் டிவியின் காட்டுத்தனத்தை முதலில் அடக்கியது ராயும் இல்லை, பாதிரியாரும் இல்லை. இந்தக் கேசட்தான்.

1984இல் திரை இருண்டதே, அது என்ன?

அக்டோபர் 16 அன்று டூரின், ரோம், பெஸ்காரா நகரங்களின் நீதிபதிகள், இந்தக் கேசட் தந்திரம் சட்டவிரோதம் என்று பெர்லுஸ்கோனி சேனல்களின் கருவிகளை முடக்கினார்கள். அந்தப் பகுதிகளில் சேனல்கள் நின்றன. வினாடி வினாக்களும் தொடர்களும் போயின. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகள் பார்த்துவந்த நீலக் குள்ளர்களின் கார்ட்டூன் போயிற்று. 'எங்கள் கார்ட்டூனைத் திருப்பிக் கொடு' என்று எழுந்த கூக்குரல் எந்த வழக்கறிஞரின் வாதத்தையும்விட வலுவாக இருந்தது. நான்கே நாளில், அக்டோபர் 20 அன்று, பிரதமர் பெத்தீனோ க்ராக்ஸி அவசரச் சட்டம் போட்டுச் சேனல்களை மீட்டார். க்ராக்ஸியும் பெர்லுஸ்கோனியும் நெருங்கிய நண்பர்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. முதல் அவசரச் சட்டத்தை நாடாளுமன்றம் நிராகரித்தது. இரண்டாவது ஒன்று போட்டு, 1985 பிப்ரவரியில் சட்டமாக்கிக்கொண்டார்கள்.

போன்ஜோர்னோ ஏன் ராயை விட்டுப் போனார்?

சம்பளம் ஒரு காரணம். ராய் கொடுத்ததைவிடப் பல மடங்கு. ஆனால் அந்த நேரத்தில் அது சூதாட்டம்தான். நாட்டின் மிகப் புகழ்பெற்ற தொகுப்பாளர், மிலான் வட்டாரத்தைத் தாண்டாத ஒரு நிலையத்துக்குப் போவது என்றால், பெரிய ஹீரோ திடீரென்று தெருக்கூத்துக்குப் போவதுபோல. 1979, 80 வாக்கில் டெலிமிலானோவுக்காக 'இ சோஞ்ஞி நெல் கஸ்ஸெத்தோ' செய்தார். 'மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்த கனவுகள்' என்று சொல்லலாம். கொஞ்ச நாள் இரண்டு படகிலும் கால் வைத்திருந்து, பிறகு முழுக்க இந்தப் பக்கம் வந்தார். 'பிஸ்', 'சூப்பர்ஃப்ளாஷ்', 'டெலிமைக்', அப்புறம் 'அதிர்ஷ்டச் சக்கரம்' என்று வருடா வருடம் ஒன்று. அவர் வந்தது பெர்லுஸ்கோனிக்கு வெறும் பார்வையாளர்களை மட்டும் கொண்டுவரவில்லை. போன்ஜோர்னோ இருக்கிற இடம் கௌரவமான இடம் என்று விளம்பரதாரர்களும் பாட்டிமார்களும் ஒருசேர நம்பினார்கள்.

அவரது பேச்சுத் தவறுகள் பிரபலமாமே? 'லொங்காரி அம்மாள்' கதை உண்மையா?

கதை இதுதான்: ரிஸ்கியாத்துத்தோ சாம்பியன் ஜூலியானா லொங்காரி பறவைகள் பற்றிய கேள்வியில் தவறியபோது, 'பறவையில் விழுந்துவிட்டீர்களே' என்று போன்ஜோர்னோ சொன்னாராம். இத்தாலியப் பேச்சில் பறவைக்கு இன்னொரு அர்த்தம் உண்டு, விளக்கத் தேவையில்லை. அப்படி நடக்கவே இல்லை என்று இருவருமே மறுத்திருக்கிறார்கள். இருந்தும் நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்ய ஆள் இருக்கிறது.

மத்தியான நேர வினாடி வினா எப்படி வந்தது?

எனக்குப் பிடித்த பகுதி இது. மதிய உணவு நேரத்தில் டிவி பார்ப்பது இத்தாலியில் பெரிய பழக்கமாக இருக்கவில்லை. அந்த நேரத்தைக் குறிவைத்தது கனாலே 5. 1982 செப்டம்பரில் 'இல் ப்ரான்ஸோ ஏ செர்வீத்தோ' வந்தது. 'சாப்பாடு தயார்' என்பது பெயர். தொகுத்தவர் கொர்ராதோ மந்தோனி, வெறும் கொர்ராதோ என்றே எல்லோருக்கும் தெரிந்தவர், ராயின் வானொலிக் காலத்து மனிதர். சக்கரம் சுற்றி, முதல் உணவு, இரண்டாம் உணவு, பாலாடைக்கட்டி, இனிப்பு, பழம் என்று ஒரு முழுச் சாப்பாட்டைச் சேர்க்க வேண்டும். சேர்த்தவர் ஜெயித்தார். பார்க்கிறவர்களும் அதே நேரம் பாஸ்தாவை முள்கரண்டியில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கூச்சல் இல்லை, விரசம் இல்லை. கொர்ராதோ சிரிக்காமல் கிண்டல் பண்ணுவார். கிண்டலுக்கு ஆளானவருக்கு அது கொஞ்சம் கழித்துத்தான் உறைக்கும்.

1983 அக்டோபரில் ராய் பதிலடி கொடுத்தது: ரஃபேல்லா கர்ரா தொகுத்த 'ப்ரோந்தோ, ரஃபேல்லா?'. ஒரு கண்ணாடிக் குடுவை நிறைய பீன்ஸ் விதைகள். எத்தனை இருக்கின்றன? தொலைபேசியில் சொல்லுங்கள். இவ்வளவுதான் போட்டி. வெர்டியின் ஊதுகருவியில் ஆரம்பித்த அரசு டிவி பீன்ஸ் எண்ணுவதில் வந்து நின்றது, அதுவும் அமோக வெற்றியோடு. யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

எல்லாம் இத்தாலியர்களின் சொந்தச் சரக்கா?

பெரும்பாலும் இல்லை. 'பிஸ்', 'அதிர்ஷ்டச் சக்கரம்', 1983 டிசம்பரில் இத்தாலியா 1இல் ஜிஜி சபானி தொடங்கிய 'ஓகே, விலை சரி!' எல்லாமே அமெரிக்க மூலம். ராய் காலத்து ரிஸ்கியாத்துத்தோவும் அப்படித்தான். 'ஓகே, விலை சரி!' பின்னாளில் பாடகி ஈவா ஸானிக்கியின் கைக்கு வந்து 2000 வரை அவரிடமே இருந்தது. சக்கரம் சுற்றும்போது 'நூறு! நூறு!' என்று அரங்கம் கத்துவது இன்றும் பலர் காதில் இருக்கிறது. லா புஸ்தரெல்லாவும் கோல்போ க்ரோஸ்ஸோவும்தான் உண்மையில் அந்த மண்ணில் முளைத்தவை. மண்ணில் முளைத்ததை ஏற்றுமதி செய்தார்கள், இறக்குமதி செய்ததைக் குடும்பத்தோடு பார்த்தார்கள்.

இந்த நிகழ்ச்சிகளால்தான் பெர்லுஸ்கோனி பிரதமர் ஆனாரா?

'ஆல்தான்' என்பது அதிகம். ஆனால் சும்மா தள்ளிவிடவும் முடியாது. ரூபென் துரந்தே, பாவ்லோ பினோத்தி, ஆந்த்ரேயா தெஸேய் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மலை, மேடு காரணமாக இவரது சேனல்களின் சிக்னல் சில ஊர்களுக்கு 1985க்கு முன்பே போய்விட்டது, சில ஊர்களுக்குத் தாமதமாகப் போனது. முன்னதாகப் பார்த்த ஊர்களில், 1994இல் அவர் கட்சிக்கு விழுந்த வாக்கு ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி கூடுதல். அந்த வித்தியாசம் அடுத்தடுத்த தேர்தல்களிலும் நீடித்தது. கவனிக்க: அந்த ஆரம்ப வருடங்களில் அவர் சேனல்களில் செய்தியே கிட்டத்தட்ட கிடையாது. வினாடி வினா, தொடர்கள், சினிமா, பாட்டு. பிரச்சாரமே இல்லாமல் வேலை செய்த டிவி அது.

ரகளைக் காலம் எப்போது முடிந்தது?

ஒரே நாளில் முடியவில்லை. கேசட் வலைப்பின்னல் வளர வளர, உள்ளூர் நிலையங்கள் சொந்தமாக எதையாவது செய்வதைவிட வந்த கேசட்டைப் போட்டுவிட்டு உட்காருவது லாபம் என்று கண்டன. நல்ல தொகுப்பாளர்களைப் பெரியவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். ராயும் விடவில்லை: எத்தோரே அந்தென்னா, ஐரோப்பிய ஊர்கள் மோதிக்கொள்ளும் பிரம்மாண்டப் போட்டியை ராய்க்காகத் தொகுத்தார். டொர்தோரா ராய்க்குத் திரும்பி உச்சத்தில் இருந்தபோது, 1983 ஜூனில் பொய்ச் சாட்சிகளால் கைதாகி, 1986இல்தான் குற்றமற்றவர் என்று விடுதலையானார், 1988இல் இறந்தார். 1984க்குள் கனாலே 5, இத்தாலியா 1, ரெத்தே 4 என்ற மூன்று சேனல்களும் பெர்லுஸ்கோனியின் ஒரே கையில். 1990 சட்டம் அந்த நிலைமைக்கு முத்திரை குத்தியது, தேசிய நேரலைக்கும் வழி விட்டது.

போன்ஜோர்னோ கடைசிவரை பெர்லுஸ்கோனியிடமே இருந்தாரா?

இல்லை. 2009இல் அவரது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பெர்லுஸ்கோனியிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்புக்கூட வரவில்லை என்று வருத்தப்பட்டார். 84 வயதில் போட்டிக் கம்பெனியான ஸ்கையில் போய்ச் சேர்ந்து, பழைய ரிஸ்கியாத்துத்தோவைப் புதுப்பித்து இலையுதிர் காலத்தில் தொடங்கத் தயாராகிக்கொண்டிருந்தார். அந்த செப்டம்பர் 8 அன்று மோன்டே கார்லோவில் மாரடைப்பால் இறந்தார். மிலான் பேராலயத்தில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. பிரதமராக இருந்த பெர்லுஸ்கோனி அங்கே வந்திருந்தார்.